உறுதி இல்லாதவனுக்கு எந்தக் காணி திரும்பும்?

ஒரு வாசகர் கேட்டது: "வசாவிளான் – பலாலி வீதியும் திறந்தாச்சு. காணியும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள். இன்னும் ஏன் காணி, காணி என்று எழுதுகிறீர்கள்?"

12 ஏப்ரல் 2025

எங்கள் வலிகாமம் வடக்கில் இராணுவ வலயத்துக்குள் மூடிக்கிடந்த அந்த வீதி முந்தநாள் திறந்தது உண்மை. நானும் நேற்றுப் போனேன். காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரைதான் அனுமதி. இறங்கி நிற்கக்கூடாது, நடந்து போகக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. பின் சீற்றில் அம்மா இருந்தா. இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தவ, ஓர் இடத்தில் "மெதுவாப் போ" என்றா. அவ்வளவுதான். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன், சொல்லவில்லை.

1990 ஜூனில் போரால் நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு கிழமையில் திரும்பி வரலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு வந்தோம். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரை அரசு கையகப்படுத்தியது. காணிக்காரரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். நாங்கள் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும், பத்துக் கிலோமீற்றருக்குள் இருந்தோம். கிராம அலுவலரான விதானையாரிடம் பங்கீட்டு அட்டை இருந்தது, வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது. அப்படிப்பட்ட எங்களைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை என்றார்கள்.

ஏக்கர் ஒன்றுக்குப் பதினாறு பரப்பு. 6,381 ஏக்கர் என்றால் எங்கள் கணக்கில் ஓர் இலட்சம் பரப்புக்கு மேல். அதில் ஒரு பகுதியை விட்டிருக்கிறார்கள். எங்களுடைய பன்னிரண்டு பரப்பில் ஏழு 2018 சித்திரையில் கிடைத்தது. மிச்சம் ஐந்து முட்கம்பிக்கு அந்தப் பக்கம். அம்மா "மெதுவாப் போ" என்றது அந்த ஐந்துக்காகத்தான் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது.

13 ஏப்ரல் 2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "கையகப்படுத்தியது" என்று எழுதியது பிழை. சட்டம் தெரிந்த ஒரு அண்ணை சுட்டிக்காட்டினார், சரியாகத்தான் சொன்னார். 2013இல் வந்தது காணி எடுத்தல் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல். அது முதல் படி மட்டும். அந்த ஒட்டுத்தாளால் காணி அரசுக்கு மாறிவிடாது. அதை எதிர்த்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள், எங்கள் அப்பாவும் ஒருவர்.

இதை ஏன் இழுத்துச் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆட்களே "ஆமி எடுத்த காணி" என்று சொல்லிச் சொல்லி அது போய்விட்டது என்ற எண்ணத்துக்கு வந்துவிட்டார்கள். போகவில்லை. உறுதி, அதாவது காணிப் பத்திரம், இன்றைக்கும் அம்மாவின் பெயரில்தான்.

19 ஏப்ரல் 2025

"விட்ட காணியில் போய் இருக்க வேண்டியதுதானே" என்று ஒருவர். சரி, போய் இருந்த கதையைச் சொல்கிறேன்.

2018இல் நாங்கள் முதலில் உள்ளே போனபோது எது யாருடைய காணி என்றே தெரியவில்லை. வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, வீடு இருந்த இடத்தில் அத்திவாரம் கூட இல்லை. செம்மண்ணுக்கு மேலே ஆள் உயரத்துக்குப் பற்றை. அம்மா மா ரின்னுக்குள் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த உறுதியைக் கொண்டு வந்திருந்தா. 1978ஆம் ஆண்டுச் சீதன உறுதி. 95இல் தென்மராட்சிக்கு ஓடும்போதும் அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஓடினா. அதில் எல்லை எழுதியிருக்கிறது: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னாரின் மகள் பெயரில் உள்ள காணி, மேற்கு பனை எல்லை. பனை ஒன்று கூட நிற்கவில்லை. எல்லாம் பதுங்குகுழிக்குப் போய்விட்டது. வடக்குக் காணிக்காரர் பிரான்ஸில்.

சேர்வயர் வந்து சங்கிலி பிடித்தார். ஒரு பழைய எல்லைக்கல்லாவது கிடைத்தால் அதிலிருந்து அளக்கலாம் என்றார். இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் ஒரு வயதான ஐயா சைக்கிளில் வந்து இறங்கினார். பற்றைக்குள் நேராக நடந்துபோய் ஒரு இடத்தில் காலால் தட்டி, "இதிலதான் கிணறு" என்றார். தோண்டிப் பார்த்தால் இடிபாடும் கல்லும் போட்டு மூடிய கிணற்றின் வாய். உறுதியில் கிணற்றுக்கும் ஒழுங்கைக்கும் இடைப்பட்ட தூரம் இருந்தது. அதை வைத்துத்தான் காணியையே பிடித்தோம்.

கிணற்றைத் துப்புரவாக்க மூன்று கிழமை ஆனது. கல், தகரம், ஒரு கட்டில் சட்டம், எங்கள் வீட்டு நிலை என்று அம்மா அடையாளம் சொன்ன மரத்துண்டு. அடியில் தண்ணீர் இருந்தது.

20 ஏப்ரல் 2025

பலர் கேட்டதற்கு: குடிக்கலாம். பரிசோதித்த பிறகுதான் குடிக்கிறோம்.

3 மே 2025

தென்னிலங்கையில் படிக்கும் ஒரு மாணவி நல்ல கேள்வி கேட்டிருக்கிறா. 1972 காணிச் சீர்திருத்தம் நாடு முழுவதற்கும்தானே வந்தது, யாழ்ப்பாணத்தில் ஏன் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை?

1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு உச்சவரம்பு போட்டது. மேட்டுநிலம் என்றால் 50 ஏக்கர், வயல் என்றால் 25 ஏக்கர். ஐம்பது ஏக்கர் என்றால் எண்ணூறு பரப்பு. குடாநாட்டில் எண்ணூறு பரப்பு வைத்திருந்தவர் எத்தனை பேர்? எங்கள் ஊரில் நாற்பது பரப்பு இருந்தாலே பெரிய கமக்காரன். ஆகவே அந்தச் சட்டம் எங்கள் தலைக்கு மேலால் போய்விட்டது. நிலமில்லாதவர் அப்போதும் நிலமில்லாமல்தான் இருந்தார்.

நாங்கள் இதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம்: "எங்களிட்ட ஜமீன் இல்லை, எல்லாரும் சின்னக் காணிக்காரர்தான்." சின்னக் காணிக்காரர் என்பது சரி. "எல்லாரும்" என்பதுதான் சரியில்லை. இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். இப்போது நேரமில்லை.

11 மே 2025

மூன்று வாரமாக மனதை அரிக்கும் விசயம் ஒன்று. கிணற்றைக் காட்டிய ஐயாவைப் பற்றி எழுதியபோது அவர் யார் என்று எழுதாமல் விட்டேன். யோசித்துப் பார்த்தால், வேண்டுமென்றுதான் விட்டேன்.

அவர் எங்கள் காணியில் இருந்தவர். மேற்கு மூலையில், அந்தப் பனை எல்லையோடு, அவர்கள் கொட்டில் இருந்தது. அவருடைய பாட்டன் காலத்திலிருந்து மூன்று தலைமுறை. எங்கள் பனையில் சீவினார்கள், புகையிலைக்கு மண் கொத்தினார்கள், வெங்காயத்துக்குத் தண்ணி மாறினார்கள். அவர் பற்றைக்குள் நேராக நடந்துபோய்க் காலால் தட்டியதற்குக் காரணம், அந்தக் கிணற்றை வெட்டியதே அவருடைய தகப்பன். கல்லுடைத்து இறக்கியபோது அவர் சிறுவன், மண் சுமந்தவர். வெட்டிய பிறகு அதில் அள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை. எங்கள் வீட்டு ஆள் அள்ளி ஊற்ற வேண்டும், அவர்கள் ஏந்திக்கொள்ள வேண்டும். நான் பார்த்திருக்கிறேன். எட்டு வயதில் நானே ஊற்றியிருக்கிறேன்.

1990இல் இரண்டு குடும்பமும் ஒரே நாளில்தான் வெளிக்கிட்டோம். நாங்கள் மாமி வீட்டுக்குப் போனோம், பிறகு வாடகை வீட்டுக்கு. அவர்கள் முகாமுக்குப் போனார்கள். தகரமும் கிடுகும் போட்ட பத்தடி அறையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். அவருடைய மகன் அங்கே கலியாணம் கட்டி, பேரப்பிள்ளைகள் அங்கே பிறந்து, அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் பக்க முகாம்களில் கடைசிவரை இருந்தவர்கள் யார் என்று யாரும் உரத்துச் சொல்வதில்லை. பெரும்பாலும் இவர்கள்தான். காணி விட்டாலும் போக இடமில்லாதவர்கள். ஏனென்றால் விட்ட காணியில் அவர்களுக்கு உறுதி இல்லை.

காணி திரும்பக் கேட்கும் படிவத்தில் கேட்பது "உறுதி இலக்கம்". அந்த இடம் வெறுமையாக இருந்தால் மேலே நகராது. நூறு வருடம் ஒரு மண்ணில் இருந்தவர் அங்கேயிருந்து துரத்தப்பட்டதாகக் கூட எந்தத் தாளிலும் இல்லை.

காணி மீட்பு என்று பன்னிரண்டு வருடமாகக் கூட்டத்துக்குப் போகிறேன், பதாகை பிடித்திருக்கிறேன். அந்தப் பதாகைக்குள் இவரை நான் ஒருநாளும் வைத்துப் பார்த்ததில்லை.

12 மே 2025

"இப்ப சாதிக் கதையை எடுக்காதேங்கோ. முதலில் காணி முழுக்க வரட்டும். பிறகு எங்களுக்குள்ள பேசித் தீர்ப்பம்." இப்படி நான்கு பேர். கோபமாக எழுதவில்லை, அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். போன வருடம் வரை நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் "பிறகு" எப்போது வந்தது? 1707இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை எழுதுவித்தபோது அதில் அடிமைகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. 1844இல் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தார்கள். விடுதலையானவருக்கு ஒரு குழி நிலம் கொடுக்கவில்லை. ஆகவே அவர் பழைய எசமானின் காணி மூலையிலேயே கொட்டில் போட்டார். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் தேநீர்க்கடைக்குள் போகவும் கோயிலுக்குள் போகவும் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட்டம். மாவிட்டபுரம் எங்கள் வலிகாமம் வடக்குத்தான். அந்த வாசலில் அடி வாங்கியவர்களின் பிள்ளைகளும் 1990இல் எங்களோடு அதே வீதியால்தான் ஓடினார்கள்.

கோயில் திறந்தது, கடை திறந்தது. காணி மட்டும் பிறகு, பிறகு என்று நிற்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் திரிக்க வேண்டாம். இராணுவம் பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு பரப்பும் திரும்ப வேண்டும். தையிட்டியில் தனியார் காணியில் விகாரை கட்டியது அநியாயம். அதில் எனக்கு ஒரு தளர்வும் இல்லை. அதே வாயால்தான் மற்றதையும் சொல்கிறேன்.

25 மே 2025

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கை எழுதியதை அப்படியே இங்கே கொண்டு வருகிறேன், எனக்குத் தெரியாத பக்கம் இது:

"அண்ணா, நீங்கள் உறுதி உறுதி என்று எழுதுகிறீர்கள். எங்கட பக்கம் கனபேரிட்ட இருக்கிறது உறுதி இல்லை, பேர்மிட் (அரச காணிக்கான அனுமதிப் பத்திரம்). அதுகூட இல்லாத ஆக்கள் ஆர் தெரியுமோ? எங்கட அம்மம்மா ஆக்கள். 77 கலவரத்தில மலையகத்தால அடிபட்டு வந்தவை. காடு வெட்டினது அவை, கிணறு வெட்டினது அவை. நாற்பது வருசமா இருக்கிறம். கேட்டால், இன்னாற்ற குடியேற்றத் திட்டக் காணிக்குள்ள நீங்கள் இருக்கிறியள் எண்டினம்."

அந்தத் திட்டங்களில் பேர்மிட் எடுத்த சிலர் எங்கள் ஊர்க்காரர். அறுபதுகளில் வன்னியில் காணி எடுத்து, பிறகு ஆட்களை விட்டுச் செய்வித்தார்கள். என் பெரியப்பாவும் ஒருவர். அந்தக் காணி இப்போது யார் கையில் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பேர்மிட் பற்றி ஒன்று: காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு வரிசை மூத்த ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்து வந்தது. 2022 திருத்தத்தில்தான் அது மாறியது. அதற்கு முன் கைவிட்டுப் போன பெண்பிள்ளைகளின் பங்குக்கு வழியில்லை.

7 ஜூன் 2025

புத்தளத்திலிருந்து ஒரு ஐயா எழுதியிருக்கிறார். அவர் வார்த்தை சுருக்கம்: "தம்பி, உங்கட பட்டியலில நாங்கள் இல்லை."

உண்மை. 1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். நகையையும் உறுதியையும் கூடப் பறித்துத்தான் பலரை அனுப்பினார்கள். வடக்கு முழுவதுமாக 70,000க்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் இருந்த சோனகதெருவில் கூரை இல்லாமல் நின்ற வீடுகளுக்கு நடுவால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், அந்த நிலைக்கதவுகள் எந்த வீடுகளில் இருக்கின்றன என்று ஊருக்கே தெரியும். நாங்கள் வெளிக்கிட்டு நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இடம்பெயர்ந்த வேதனை என்னவென்று தெரிந்த நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. பத்து வருடம் தடையில்லாமல் இருந்தால் காணி ஆட்சிக்காரனுக்குச் சேரும் என்ற பழைய விதியில், ஆயுதக் குழுவின் செயலால் வர முடியாமல் போனவர்களுக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) கோட்டுக்கும் அலைய, புத்தளத்திலிருந்து இரவு பஸ் ஏறி வர வேண்டும். அந்த ஐயாவின் வழக்கு இன்னும் தவணையில்.

ஐயா, பட்டியலில் சேர்த்துவிட்டேன் என்று எழுதினால் போதாது என்று தெரியும். அடுத்த கூட்டத்தில் உங்கள் பெயரோடு பேசுவேன், நீங்கள் சம்மதித்தால்.

28 ஜூன் 2025

நேற்று உயர் நீதிமன்றம் அந்தக் காணி வர்த்தமானிக்கு (அரச அறிவித்தல்) இடைக்காலத் தடை போட்டிருக்கிறது. தெரியாதவர்களுக்கு: மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேல், யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் 3,600 ஏக்கருக்கு மேல் குறித்து, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். எந்த மூன்று மாதத்தில்? உறுதி எரிந்தவர், கனடாவில் இருப்பவர், அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரம்) கொடுக்க ஆளில்லாதவர், கணவர் காணாமற்போனவர்.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா. சீதனக் காணி, அவவின் பெயரில்தான் உறுதி. ஆனால் தேசவழமைப்படி, 1911 கட்டளைச் சட்டம், கணவனின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அசையாச் சொத்தை மாற்ற முடியாது. கணவரைத்தான் பதினாறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறா. தன் காணியைத் தன் மகளுக்கு எழுத, ஒவ்வொரு தரமும் கோட்டில் போய், "அவர் இல்லை" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல அவவுக்கு மனமில்லை. ஆகவே காணி அப்படியே கிடக்கிறது.

தடை வந்ததில் நேற்று இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

13 ஜூலை 2025

சிலர் கேட்டீர்கள், "இவ்வளவும் எழுதுகிறீரே, உம்முடைய காணியில் என்ன செய்தீர்?" நியாயமான கேள்வி. சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்றுதான் பொறுத்திருந்தேன்.

வைகாசியில் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கிணற்றடிப் பகுதி வந்தபோது கையைக் காட்டி நிறுத்தச் சொன்னா. அடுத்த நாள் காலை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "மேற்கு மூலையில ரெண்டு பரப்பு அவைக்கு எழுதுவம்" என்றா. காணி அம்மாவின் சீதனம். ஆனால் மேலே சொன்ன அதே சட்டம், அப்பா ஒப்பமிட வேண்டும்.

அப்பா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சொன்னது: "அஞ்சு பரப்பு இன்னும் அவங்களிட்ட. வந்த ஏழிலயும் ரெண்டைக் குடுத்தால் எனக்கு என்ன மிச்சம்?" அதை நான் குறைவாக எடுக்கவில்லை. எழுபத்தெட்டு வயது, இருபத்தெட்டு வருடம் வாடகை வீட்டில் இருந்த மனிதர். அந்தக் காணியைத் தவிர அவருக்கு வேறு எதுவும் மனதில் இல்லை. நான் வாதாடவில்லை. அம்மாவும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனி முடிய, அவராகவே "நொத்தாரிசிட்ட எப்ப போறது?" என்றார்.

நேற்று அந்த ஐயாவும் மகனும் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு இப்போது கீரிமலைப் பக்கம் வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு இருக்கிறது. இரண்டு அறை, சுற்றிவர இன்னொரு வீட்டின் சுவர், ஒரு தென்னை வைக்க இடமில்லை. ஐயா படியில் இருக்கப் போனார். அம்மா போய்க் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினா. அவர் நுனியில்தான் இருந்தார்.

மகன் நகல் உறுதியை முழுக்க வாசித்தார். முகாமிலிருந்தே படித்தவர், இப்போது ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். வாசித்து முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இதில கிணறு இல்லையே?"

அப்பா சொன்னார், "தண்ணி அள்ளலாம்தானே தம்பி. இனி ஆர் மறிக்கப் போயினம்?"

"நீங்கள் மறிக்கமாட்டியள் ஐயா. எனக்கும் தெரியும். உங்கட பேரப்பிள்ளையள் மறிச்சால் என்ர பிள்ளை எதைக் காட்டுறது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஐயா மகனின் முழங்காலில் தட்டினார், போதும் என்பதுபோல. மகன் தாளை மடிக்கவில்லை. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு, அந்தப் பக்கத்தைத் தானும் ஒருமுறை வாசித்தார். பிறகு என்னிடம் பேனை கேட்டார்.

16 ஜூலை 2025

நொத்தாரிசு புது நகல் தந்திருக்கிறார். சேர்வயர் படம் வந்த பிறகுதான் ஒப்பம். அப்பா ஓரத்தில் எழுதிக் கொடுத்த வரியை நொத்தாரிசு உறுதி நடையில் இப்படி மாற்றியிருக்கிறார்:

"…மேற்படி பரப்பு இரண்டும், அதற்குரிய வழி வாய்க்கால் உரித்தும், கிழக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றில் அரைப் பங்கும்."